பதினாலு பவுண்டு வில்லை டியூன் செய்வது எப்படி

போன கோடையில் எங்கள் மைதானத்துக்கு ஒரு பதினொரு வயதுப் பெண் வந்தாள். வேறொரு முகாமில் மூன்று வாரம் பழகியவள். விட்ட அம்பெல்லாம் இலக்கு அட்டைக்கு இடப்பக்கமே போய்க்கொண்டிருந்தது. "இவளுக்குக் கை நடுங்குது சார், பயப்படுறா" என்றார் அம்மா. "நான் ஒழுங்காத்தான் சார் விடுறேன்" என்றாள் அவள். சொல்லும்போதே கண் கலங்கிவிட்டது.

அவள் சொன்னதுதான் உண்மை. நின்ற நிலை, தோள், தாடைக்கடியில் கை வந்து படியும் இடம் எல்லாம் வயதுக்கு மீறிய ஒழுங்கோடு இருந்தன. எல்லாப் பிள்ளைகளுக்கும் பொதுவாக வைத்திருந்த தடித்த அலுமினிய அம்புகளையே அவளுக்கும் கொடுத்திருந்தார்கள். அந்த அம்பை வளைக்கும் பலம் அவள் வில்லுக்குக் கிடையாது. போதாததற்கு நாணும் தளர்ந்து கிடந்தது. இரண்டையும் சரிசெய்ய எனக்கு ஒரு சாயங்காலம் போதுமாக இருந்தது. ஆனால் அந்த மூன்று வாரத்தில், அம்பு நடுவில் விழ வேண்டும் என்பதற்காக மஞ்சள் வட்டத்துக்கு வலப்பக்கம் குறிபார்க்கப் பழகிவிட்டாள். அதை மறக்கடிக்க ஒரு மாதம் ஆயிற்று.

நாற்பது பவுண்டு வில்லில் மிச்சத்துக்கு வேகம் உண்டு. சின்னக் குறைகளை அது விழுங்கிவிடும். பன்னிரண்டு, பதினாலு பவுண்டு வில்லில் அந்த மிச்சமே இல்லை. வில்லில் இருக்கும் குறை அப்படியே இலக்கில் தெரியும். பிள்ளை அதைத் தன் குறையாக எடுத்துக்கொண்டு, உடம்பைக் கோணலாக்கி ஈடுகட்டும். அதனால்தான் தொடக்க வில்லைத்தான் அதிக அக்கறையோடு டியூன் செய்ய வேண்டும் என்று பெற்றோரிடம் திரும்பத் திரும்பச் சொல்லி வருகிறேன். "கத்துக்கிறதுக்குத்தானே, இது போதும்" என்று விடக்கூடாத இடம் இது.

கழற்றி மாட்டும் மர ரிகர்வ் வில், அம்பு தங்கும் ஒட்டு பிளாஸ்டிக் ரெஸ்ட், விரலுக்கு உறைபோல டேப் என்ற வழக்கமான தொடக்க செட்டை வைத்தே சொல்கிறேன். வலக்கைப் பிள்ளைக்குச் சொல்வதை இடக்கைப் பிள்ளைக்கு இடம் வலம் மாற்றிக்கொள்ளுங்கள்.

கையில் வேண்டியவை: நாணில் மாட்டி அளக்கும் டி-ஸ்கொயர், நாண் ஏற்றும் ஸ்ட்ரிங்கர், நாணுக்குப் பூசும் வாக்ஸ், பல் இடுக்கு நூல், ஒரு துளி ஃபெவிகுவிக், பஞ்சு, முகப் பவுடர், பெட்டி எடை பார்க்கும் கொக்கித் தராசு, ஒரு நோட்டு.

பிள்ளையை அளந்துகொள்ளுங்கள்

எந்தக் கண் ஓங்கிய கண் என்று முதலில் பாருங்கள். இரண்டு உள்ளங்கையையும் சேர்த்து நடுவில் சின்ன முக்கோணம் விட்டு, அதன் வழியே தூரத்தில் ஒரு பொருளைப் பார்க்கச் சொல்லுங்கள். பார்த்தபடியே கையை முகத்தருகே கொண்டுவந்தால், ஓங்கிய கண்ணிடம்தான் போய் நிற்கும். வலக்கண் என்றால் வலக்கை வில்.

அடுத்து இழுப்பு நீளம். மிக மெல்லிய வில்லில் நீளமான அம்பைப் பூட்டி, பிள்ளையைத் தாடைவரை இழுத்து நிறுத்தச் சொல்லுங்கள். வில்லின் முன்பக்க விளிம்புக்கு நேரே அம்பில் பேனாவால் ஒரு கோடு. அங்கிருந்து அம்பின் வாலில் நாண் மாட்டும் குதைப் பள்ளம்வரை அளந்தால் அதுதான் இழுப்பு. ஒரே தடவையில் நம்பிவிடாதீர்கள். அந்தப் பெண் முதலில் இழுத்தது இருபத்திரண்டரை அங்குலம், அடுத்தது இருபத்துநாலு, அதற்கடுத்தது இருபத்துமூன்றே முக்கால். உடம்பு சூடாகி நாலைந்து தடவை இழுத்த பிறகு நிலையாக வந்தது இருபத்துமூன்றரை. அதைத்தான் எழுதிக்கொண்டேன்.

இந்த எண்ணை வைத்து வில்லைப் பாருங்கள். கைப்பிடிக்கு மேலும் கீழும் வளையும் பகுதியான லிம்பில் 62 என்றும் 18 என்றும் போட்டிருந்தால், வில் 62 அங்குலம். 28 அங்குலம் இழுத்தால் 18 பவுண்டு என்று பொருள். உங்கள் பிள்ளை 28 அங்குலம் இழுக்கப் போவதில்லை. இவ்வளவு மெல்லிய வில்லில் ஒவ்வோர் அங்குலம் குறைவுக்கும் முக்கால் பவுண்டிலிருந்து ஒரு பவுண்டு வரை குறையும். நாலரை அங்குலம் குறைந்தால் 18 என்பது ஏறக்குறைய 14 ஆகிவிடும். கொக்கித் தராசை நாணில் மாட்டி, இருபத்துமூன்றரை அங்குலம் வரை இழுத்துப் பார்த்தேன்: 6.3 கிலோ. கிலோவை 2.2-ஆல் பெருக்கினால் பவுண்டு. பதினாலுக்கு ஒரு மயிரிழை குறைவு. இனி அம்பு தேர்ந்தெடுப்பது உட்பட எல்லாக் கணக்கும் இந்தப் பதினாலை வைத்துத்தான். லிம்பில் அச்சிட்ட எண்ணை நம்பி அம்பு வாங்குவதில்தான் பாதிப் பேர் தவறுகிறார்கள்.

இழுத்த நிலையில் பிள்ளை பத்து எண்ணும்வரை தோள் ஏறாமல் நிற்க முடிகிறதா என்றும் பாருங்கள். முடியாவிட்டால் டியூன் செய்வதை நிறுத்திவிட்டு, மெல்லிய லிம்ப் தேடுங்கள். வில்லின் உயரமும் முக்கியம். 20 முதல் 22 அங்குல இழுப்புக்கு 58 அங்குல வில், 22 முதல் 24 வரை 62 அங்குல வில் பொதுவாகப் பொருந்தும். நீண்ட கைப் பிள்ளைக்குக் குட்டை வில் கொடுத்தால், இழுக்கும்போது நாண் கூர்மையாக மடங்கி விரலைக் கிள்ளும்.

வில்லைப் பூட்டுவதற்கு முன்

லிம்பின் இரு பக்கமும், ஓரங்களிலும் பஞ்சை மெதுவாக இழுத்துச் செல்லுங்கள். எங்காவது பஞ்சு இழை மாட்டினால் அங்கே வெடிப்பு இருக்கிறது. அந்த லிம்பைப் பிள்ளை கையில் கொடுக்கவே கூடாது. பெரும்பாலான வில்களில் எண் அச்சிட்ட லிம்ப் கீழே வரும். திருகுகளைக் கையால் இறுக்கினால் போதும். குறடு எடுத்தால் மரத்துக்குள் இருக்கும் நட்டு சுழல ஆரம்பித்துவிடும்.

நாண் ஏற்றுவது எப்போதும் ஸ்ட்ரிங்கர் கொண்டுதான். காலுக்கிடையில் வில்லைக் கொடுத்து வளைத்து ஏற்றுவதைப் பலர் திறமையாக நினைக்கிறார்கள். லிம்ப் முறுக்கிக்கொள்வது அப்படித்தான். ஏற்றியதும் வில்லை நாற்காலி முதுகில் சாய்த்து, பின்னால் நின்று ஒரு கண்ணால் பாருங்கள். நாண் மேல் லிம்பையும் கீழ் லிம்பையும் சரி பாதியாகப் பிளந்துகொண்டு போக வேண்டும். ஒரு பக்கம் ஒதுங்கினால் கழற்றித் திரும்பப் பூட்டுங்கள். அப்படியும் ஒதுங்கினால் லிம்ப் முறுக்கிக்கொண்டது. அதை டியூன் செய்து சரிக்கட்ட முடியாது.

மேல் லிம்ப் கைப்பிடியில் சேரும் இடத்திலிருந்து நாணுக்கு உள்ள தூரம், கீழ் லிம்பில் உள்ள தூரத்துக்குச் சமமாகவோ 6 மி.மீ. வரை கூடவோ இருக்கலாம். இதைத்தான் டில்லர் என்கிறார்கள். கீழே கூடுதலாக இருந்தால் லிம்பை மேல் கீழ் மாற்றிப் பூட்டியிருக்கிறீர்கள். மர வில்லில் டில்லரைப் பற்றி இதற்கு மேல் கவலை வேண்டாம்.

பிரேஸ் ஹைட்: நாணின் சத்தத்தைக் கேளுங்கள்

பிடியின் ஆழமான பள்ளத்திலிருந்து நாண்வரை உள்ள தூரம்தான் பிரேஸ் ஹைட். வில்லோடு வரும் தாளில் அளவு போட்டிருந்தால் அதுவே முதல் வழிகாட்டி. தாள் தொலைந்திருந்தால் 62 அங்குல வில்லுக்கு ஏழரையிலிருந்து எட்டு அங்குலம் என்று தொடங்கலாம். குட்டை வில்லுக்கு இதைவிடக் குறைவாக வரும், நெட்டை வில்லுக்குக் கூடும்.

தொடக்க வில்களோடு வருவது டேக்ரான் நாண். புதிதில் நீளும் குணம் அதற்கு உண்டு. முதல் இரண்டு மூன்று நாள் பழகும்போது பிரேஸ் ஹைட் தானாக இறங்கும். புது நாணை மாட்டிய அன்றே டியூன் செய்து முடித்துவிட்டதாக எண்ணாதீர்கள். வேகம் கூடும் என்று சொல்லி, நீளாத நவீன நாணை யாராவது விற்க வந்தால், லிம்பின் நுனி அதைத் தாங்கும்படி செய்ததா என்று கேளுங்கள். சாதாரண மர வில்லில் அது நுனியை வெட்டிவிடும்.

அந்தப் பெண்ணின் வில்லில் அளந்தபோது ஆறே முக்கால் அங்குலம்தான் இருந்தது. அவளுடைய இடக்கை முழங்கைக்கு உட்பக்கத்தில் சின்னதாய் ஒரு சிவப்புத் தழும்பு. ஆர்ம் கார்டு போட்டும் அது மறையவில்லை என்று அம்மா காட்டினார். நாண் அவ்வளவு தாழ்ந்து கிடந்தால் அம்பு போன பிறகும் முன்னே பாய்ந்து கையை அடிக்கத்தான் செய்யும். அடி வாங்கிய பிள்ளை அடுத்த அம்பை விடும்போது கையை வளைக்கும், கண்ணை மூடும். அதைப் பார்த்துவிட்டு நாம் "பயப்படுறா" என்கிறோம்.

சரிசெய்வது இப்படி. நாணின் ஒரு வளையத்தைக் கழற்றி, நடுவில் நூல் சுற்றிய பகுதி எந்தத் திசையில் சுற்றப்பட்டதோ அதே திசையில் நாலு முறுக்கு கொடுங்கள். எதிர்த் திசையில் முறுக்கினால் அந்தச் சுற்று நூல் தளரும். மறுபடி ஏற்றி அளந்து, பிள்ளையையே ஆறு அம்பு விடச் சொல்லுங்கள். நீங்கள் கண்ணை மூடிக்கொண்டு சத்தத்தை மட்டும் கேளுங்கள். இன்னும் நாலு முறுக்கு, இன்னும் ஆறு அம்பு. பிரேஸ் ஹைட் சரியில்லாத வில் தகரத்தைத் தட்டினாற்போல் அதிரும்; பிடித்த கைக்கும் அந்த அதிர்வு தெரியும். சரியான இடம் வந்ததும் சத்தம் சட்டென்று அடங்கி, "தப்" என்று ஒரே அடியாகக் கேட்கும். அதையும் தாண்டி ஏற்றினால் மறுபடி கரகரக்கும். அவளுடைய வில் ஏழு அங்குலமும் ஐந்தில் நாலு பங்கும் வந்தபோது அடங்கியது. "இப்ப கை அதிரலை சார்" என்று அவளே சொன்னாள். பிள்ளைகளிடம் கேளுங்கள், நம்மைவிட நன்றாகச் சொல்வார்கள்.

முறுக்கே இல்லாமல் தட்டையாகக் கிடக்கும் நாணும், கயிறு போல முண்டும் முடிச்சுமாகத் திரண்ட நாணும் நீளம் பொருந்தாத நாண்கள். அவற்றை முறுக்கிக்கொண்டிராமல் மாற்றுங்கள்.

ரெஸ்டும் நடுக்கோடும்

ஒட்டு ரெஸ்டின் பசை நம் ஊர் வெயிலில் இளகும். மர மேற்பரப்பை ஸ்பிரிட்டால் துடைத்துக் காயவிட்டு ஒட்டுங்கள். அம்பைப் பூட்டி, பின்னாலிருந்து நாணை லிம்புகளின் நடுக்கோட்டோடு பொருத்திப் பார்த்தால், அம்பின் முனை நாணுக்குச் சற்று இடப்பக்கம் தெரிய வேண்டும். அம்பின் பாதி கனத்திலிருந்து முழு கனம் வரை ஒதுங்கியிருந்தால் சரி. உள்ளே போய்விட்டால் ரெஸ்டுக்குப் பின்னால் இன்னொரு இரட்டைப் பக்க ஒட்டுநாடா ஒட்டி வெளியே தள்ளலாம். ரெஸ்டின் சின்னக் கை தேய்ந்து தொங்கினால் தயங்காமல் புதிது போடுங்கள்.

நாக்கிங் பாயின்ட்

டி-ஸ்கொயரை நாணில் மாட்டி, அதன் கை ரெஸ்டின் மேல் படியும்படி வையுங்கள். அந்தச் சமமட்டத்திலிருந்து 10 முதல் 12 மி.மீ. மேலே, அம்பின் குதைக்கு மேல் நிற்கும் முடிச்சின் கீழ் விளிம்பு வர வேண்டும்; அந்த இடம்தான் நாக்கிங் பாயின்ட். மூன்று விரலையும் அம்புக்குக் கீழே வைத்து இழுக்கும் பிள்ளைக்கு இன்னும் சற்று உயரம் தேவைப்படும்.

கடையில் பித்தளை வளையம் போட்டுக் கொடுப்பார்கள். மெல்லிய வில்லுக்கு நான் அதைப் போடுவதில்லை. நாணின் நடுவில் உட்காரும் ஒவ்வொரு கிராமும் அம்பின் வேகத்தைத் தின்னும். பித்தளை விரல் டேப்பையும் கிழிக்கும். பல் இடுக்கு நூலை நாணின் முன்பக்கம் ஒரு முடிச்சு, பின்பக்கம் ஒரு முடிச்சு என்று மாற்றி மாற்றிப் பத்து முடிச்சு போடுங்கள். சிறு மணிபோல் திரளும். டியூன் முடியும்வரை ஒட்டாதீர்கள். நாணோடு திருகி மேலே கீழே நகர்த்த முடியும். அம்புக்குக் கீழேயும் அப்படி ஒன்று. இரண்டுக்கும் நடுவில் குதையைவிட ஒரு மயிரிழை இடம் கூடுதலாக விடுங்கள். இழுக்கும்போது நாண் மடங்கி அம்பை நெரிக்காமல் இருக்கும்.

குதையின் பிடியையும் இப்போதே பாருங்கள். வில்லைக் கிடையாகப் பிடித்து அம்பை நாணிலிருந்து கீழ்நோக்கித் தொங்கவிடுங்கள். தொங்க வேண்டும், நாணை விரலால் ஒரு தட்டுத் தட்டினால் விழவும் வேண்டும். தட்டியும் விழாத இறுக்கம் பதினாலு பவுண்டு வில்லில் அம்பைப் பின்னுக்கு இழுத்துவிடும். தொங்காமல் நழுவும் குதை ஆபத்து. அம்பு கழன்ற பின் வெறும் நாணை விட்டால் லிம்ப் உடையும்.

அம்பு: பெரும்பாலும் தப்பு இங்கேதான்

விரலிலிருந்து வழுக்கும் நாண் நேராகப் போகாது, சற்று ஒதுங்கித்தான் போகும். அந்த உதையில் அம்பு மீன் வால்போல் நெளிந்து, கைப்பிடியைச் சுற்றிக்கொண்டு இலக்குக்குப் போகிறது. நெளிவு வில்லின் பலத்துக்கு ஏற்றதாக இருக்க வேண்டும். விறைத்த அம்பு நெளியாது. வலக்கைப் பிள்ளைக்கு இடப்பக்கம் உதைத்துக்கொண்டு போகும்.

விறைப்பைக் குறிக்கும் எண்தான் ஸ்பைன். 28 அங்குல இடைவெளியில் இரு பக்கமும் தாங்கல் கொடுத்து, அம்பின் நடுவில் 880 கிராம் எடையைத் தொங்கவிட்டால் ஓர் அங்குலம் தொய்யும் அம்பு 1000 ஸ்பைன். எண் கூடினால் அம்பு இளகியது. அலுமினிய அம்பில் வேறு கணக்கு: 1816 என்றால் வெளி விட்டம் அங்குலத்தில் 64-க்கு 18 பங்கு, சுவரின் கனம் ஆயிரத்துக்கு 16 பங்கு. அந்த 1816-ஐ ஸ்பைனில் சொன்னால் 750 சொச்சம். அதைத்தான் அந்தப் பெண் விட்டுக்கொண்டிருந்தாள். அவளுடைய பதினாலு பவுண்டுக்கு வேண்டியது 1600-லிருந்து 1800. இரண்டு மடங்குக்கு மேல் விறைத்த கம்பியை அவள் வில் தள்ளிக்கொண்டிருந்தது.

வாங்கும்போது அம்பு நீளமாகவே இருக்கட்டும். முழுதாக இழுத்த நிலையில் ரெஸ்டுக்கு முன்னால் குறைந்தது இரண்டு அங்குலம் நீட்டிக்கொண்டிருக்க வேண்டும். பிள்ளை ஒரு நாள் கூடுதலாக இழுத்துவிட்டால் அம்பு ரெஸ்டிலிருந்து பின்னால் விழுந்து கையைக் குத்தும் என்பதால் இதில் விட்டுக்கொடுக்கவே முடியாது. நீளம் கூடினால் அம்பு இளகும் என்பது இன்னொரு நன்மை. இருபத்துமூன்றரை இழுப்புக்கு 27 அங்குல அம்பு போட்டேன். வளரும் பிள்ளைக்கு இடமும் கிடைத்தது. கார்பன் அம்பை ஒவ்வொரு தடவையும் எடுக்கும்போது இரு முனையையும் பிடித்து லேசாக வளைத்துக் காதருகே கேட்கப் பழக்குங்கள். "கிறீச்" என்றால் உடனே இரண்டாக ஒடித்துக் குப்பையில் போடுங்கள்.

இறகில்லாத அம்பால் சோதனை

ஆறு அம்பில் இரண்டின் இறகை உரித்துவிடுங்கள். இறகு தவறை மறைக்கும். இறகில்லாத அம்பு மறைக்காது. பத்து மீட்டர் தூரம் போதும்.

விட வேண்டியது பிள்ளைதான். "நான் விட்டுப் பாக்குறேன் கொடு" என்று அப்பாக்கள் வில்லை வாங்கிவிடுகிறார்கள். அப்பா நாலு அங்குலம் கூடுதலாக இழுப்பார். வில் பதினெட்டு பவுண்டு ஆகிவிடும். கிடைக்கும் விடை அப்பாவுக்கான விடை.

மூன்று இறகு அம்பு, இரண்டு வெறும் அம்பு என்று ஐந்து சுற்று விடச் சொல்லி, ஒவ்வொரு சுற்றையும் நோட்டில் புள்ளியாகக் குறியுங்கள். பிள்ளையின் அம்புகள் சிதறத்தான் செய்யும். ஒரு சுற்றைப் பார்த்து எதையும் திருகாதீர்கள். ஐந்திலும் ஒரே பக்கம் சாய்ந்தால் மட்டும் நம்புங்கள்.

முதலில் மேலா கீழா என்பதைத் தீர்த்துக்கொள்ளுங்கள். வெறும் அம்பு மேலே விழுந்தால் நாக்கிங் பாயின்ட் தாழ்ந்திருக்கிறது, ஏற்றுங்கள். கீழே விழுந்தால் இறக்குங்கள். ஒரு தடவைக்கு ஒரு மி.மீ. போதும். அது அடங்கிய பிறகு இடம் வலம். வெறும் அம்பு இடப்பக்கம் என்றால் அம்பு விறைப்பு: இளகிய அம்பு, அல்லது கனமான முனை. வலப்பக்கம் என்றால் அதிகம் இளகிவிட்டது: லேசான முனை, அல்லது பாதுகாப்பு நீளம் மிஞ்சினால் கால் அங்குலம் கால் அங்குலமாக வெட்டலாம். பத்து மீட்டரில் ஒரு கை அகலத்துக்குள் வெறும் அம்பு வந்துவிட்டால் அத்தோடு விட்டுவிடுங்கள். அதற்கு மேல் துல்லியம் தேடினால், அன்றைக்குப் பிள்ளை சோர்ந்திருந்ததைத்தான் டியூன் செய்துகொண்டிருப்பீர்கள்.

எல்லாம் சரியாக இருந்தும் அம்பு வாலாட்டினால், இறகின் ஓரத்திலும் ரெஸ்டிலும் முகப் பவுடரைத் தூவி ஓர் அம்பு விடச் சொல்லுங்கள். பவுடர் கலைந்த இடத்தில் இறகு உரசுகிறது. வேறு நிறத்தில் இருக்கும் ஒற்றை இறகு வில்லுக்கு எதிர்ப்பக்கம் பார்க்கிறதா என்று பாருங்கள்; பாதி நேரம் குதை திரும்பியிருப்பதுதான் காரணம்.

முடிந்ததும் நூல் முடிச்சுகளில் ஒரு துளி ஃபெவிகுவிக். நாண் உலர்ந்து பிசிறு எழும்போதெல்லாம் வாக்ஸ் பூசி விரலால் தேய்த்துச் சூடாக்குங்கள். பழகி முடிந்ததும் நாணை இறக்குங்கள். சித்திரை வெயிலில் கார் டிக்கியில் வில்லை விட்டுவிட்டுக் கல்யாணத்துக்குப் போய்விடாதீர்கள். லிம்பின் அடுக்குகளை ஒட்டிய பசை விட்டுப்போகும்.

நோட்டில் ஒரு பக்கத்தை இதற்கென்றே வையுங்கள். மூன்று மாதத்துக்கு ஒருமுறை முதல் படியிலிருந்து அளந்து, பழைய வரிக்குக் கீழே எழுதுங்கள். அந்தப் பெண்ணின் பக்கத்தில் இன்று இப்படி இருக்கிறது.

மே: இழுப்பு 23.5, தராசில் 6.3 கிலோ, பிரேஸ் ஹைட் 7.8, முடிச்சு 11 மி.மீ., அம்பு 1800, நீளம் 27.

ஆகஸ்ட்: இழுப்பு 24, தராசில் 6.5 கிலோ, மற்றதெல்லாம் அப்படியே.

நவம்பர்: இழுப்பு 24.5, தராசில் 6.7 கிலோ. புது நாண். வெறும் அம்பு வலப்பக்கம் சாய ஆரம்பித்திருக்கிறது. அடுத்த வாரம் முனையைக் குறைத்துப் பார்க்க வேண்டும்.